ஈரத்தலையில் இரட்டைப் பின்னல்: வீட்டில் பின்னும்போது விடக்கூடாத பிழைகள்

பள்ளிக்கூடப் பிள்ளைகள் மடித்துக் கட்டுகிற இரட்டைப் பின்னல் வெறும் சீருடை ஒழுங்குக்காக மட்டும் இல்லை. தலைமயிரில் ஆகப் பழையதும் நொய்ந்ததும் நுனிதான். வன்னியின் கிரவல் றோட்டுப் புழுதியும் கச்சான் காற்றும் முதலில் பதம் பார்ப்பது அதைத்தான். நுனியை மடித்து ரிப்பனுக்குள் வைத்துவிட்டால் உரசாது, பிளக்காது. ஆனால் பின்னுகிற விதம் பிழைத்தால் நுனி தப்பும், வேர் போய்விடும். உச்சி கோணுவது, ஒரு பின்னல் பருத்து மற்றது மெலிவது எல்லாம் நாலு நாளில் கை பழகத் திருந்திவிடும். திருந்தாதவை வேறு.

ஈரத்தலையை இறுக்கிப் பின்னுவது

விடிய 5.30க்குக் கிணற்றடியில் முழுக்கு. 7.30க்குப் பள்ளிக்கூட மணி. துவாயால் இரண்டு தரம் துடைத்துவிட்டு, "அசையாமல் இரு பிள்ளை" என்று, தண்ணீர் சொட்டச் சொட்டப் பின்னி மடித்துக் கட்டி அனுப்பிவிடுவார்கள். எத்தனை தரம் சொன்னாலும் விடுகிறார்களில்லை.

நனைந்த மயிர் தண்ணீரை உறிஞ்சி ஊதும், றப்பர் மாதிரி நீளும், பலமும் குறையும். அப்போது இழுத்துப் பின்னினால் நீண்டபடியே பின்னலுக்குள் அகப்படும். காயக் காயப் பழைய நீளத்துக்குச் சுருங்கப் பார்க்கும். பின்னல் இடம் கொடுக்காது, வேர்தான் இழுபடும். காலையில் அளவாக இருந்த பின்னல் மத்தியானம் தலையிடியாவது இதனால்தான். மடிப்புக்குள் இருக்கிற ஈரம் பின்னேரம்வரை காயாது. ரிப்பனை அவிழ்த்தால் புழுங்கின மணம் அடிக்கும்.

நெற்றியோரத்திலும் காதுக்கு மேலும் குறுமயிர் உடைந்து நிற்பது, வேரடியில் சின்னச் சின்னப் பரு, உச்சிக்கோடு அகலிப்பது: இவைதான் முதல் அடையாளங்கள். இந்தக் கட்டத்தில் தளர்த்தினால் திரும்ப முளைக்கும். வருடக்கணக்கில் இழுபட்டால் வேர் இருந்த இடம் தழும்பாகிவிடும், பிறகு எந்த எண்ணெயும் உதவாது. 15 வயதுப் பிள்ளைக்கு நெற்றி ஏறினால் "பரம்பரை" என்று சொல்லிவிடுகிறார்கள். முதலில் பின்னலை அவிழ்த்துப் பாருங்கள்.

முழுக்கை முதல் நாள் பின்னேரத்துக்கு மாற்றுங்கள். நீண்ட மயிர் நிழலில் காய 2, 3 மணித்தியாலம் வேண்டும். பிடரியும் காதுக்குப் பின்பக்கமும் கடைசியாகத்தான் காயும், அங்கே விரலை விட்டுப் பாருங்கள். மூன்று புரியும் ஒரே பருமனாக இருக்கட்டும். ஒவ்வொரு பின்னலிலும் முதல் இரண்டு தரம் புரிகளைத் தளர்வாக மாற்றிப் போட்டு, காதுமட்டத்துக்குக் கீழே வந்தபிறகு அளவாக இறுக்குங்கள். பின்னல் தொடங்குகிற இடத்தில் சுண்டுவிரல் நுழைய வேண்டும். பிள்ளையைப் புருவம் உயர்த்தச் சொல்லுங்கள், நெற்றித் தோல் இழுபட்டால் அவிழ்த்துத் திரும்பப் பின்னுங்கள்.

வெறும் றப்பர் வளையம்

வேண்டாம். ரிப்பன், இல்லாவிட்டால் துணி சுற்றிய லாஸ்டிக்.

கிணற்றுத் தண்ணீரைக் கணக்கில் எடுக்காதது

கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிற தண்ணீரில் சுண்ணாம்புத்தன்மை கூட. சவர்க்காரம் போட்டால் இரண்டும் சேர்ந்து மயிரில் பிசுக்காக ஒட்டும், பின்னும்போது புரிக்குப் புரி சிக்கும். தலைக்கு ஷாம்புவே போடுங்கள். கடைசியாக அலச மாரியில் பிடித்துவைத்த மழைத்தண்ணீர் நல்லது. இல்லாவிட்டால் 1 லீற்றர் தண்ணீருக்கு 1 மேசைக்கரண்டி தேசிக்காய்ப்புளி கலந்து, கண்ணில் படாமல் ஊற்றி, உடனே வெறுந்தண்ணீரால் அலசுங்கள்.

புறப்படும்போது எண்ணெய் வழிய வைப்பது

தேங்காயெண்ணெய் முழுக்குக்கு முன்னால் வைக்க வேண்டியது. 2 தேக்கரண்டி வைத்து ஊறவிட்டால் மயிருக்குள் இறங்கி, தண்ணீர் ஏறி ஊதுவதைக் குறைக்கும். வெளியே போகும்போது வைத்தால் புழுதியைத்தான் பிடிக்கும். நுனிக்கு மட்டும் நாலைந்து துளி போதும்.

கிழமைக்கணக்கில் அவிழ்க்காமல் விடுவது

ஆபிரிக்க வழிவந்தவர்கள் தங்கள் இறுகிய சுருள்முடியை நெருக்கமாகப் பின்னிப் பல கிழமை வைத்திருப்பார்கள். அந்தச் சுருளில் தலையெண்ணெய் மெதுவாகத்தான் இறங்கும், பின்னலும் வழுக்காது. எங்கள் பிள்ளைகளின் நேரான, அலையான மயிரில் இரண்டு நாளிலேயே எண்ணெயும் வியர்வையும் இறங்கி, பின்னல் நழுவிச் சிக்காகிவிடும். இரவில் அவிழ்த்து, சிக்கெடுத்து, தளர்வான ஒற்றைப் பின்னலோடு படுக்கவிடுங்கள். ஒரு நாளைக்கு 50 முதல் 100 மயிர் உதிர்வது வழமை. மூன்று நாள் அவிழ்க்காவிட்டால் அவ்வளவும் ஒன்றாகச் சீப்பில் வரும், பயப்பட வேண்டாம்.

பேனைப் பின்னலுக்குள் மறைப்பது

ஈரமாக இருக்கும்போதே பேன் சீப்பால் வாருங்கள், 4 நாளுக்கு ஒருதரம், 2 கிழமைக்கு. காய்ந்தபிறகு பின்னுங்கள்.