லூக்கா பக்கம் பழைய வில்லாவில் தங்க நினைப்பவர்களுக்கு

இத்தாலியின் டஸ்கனியில் பழைய மாளிகையில் தங்கவும் வேண்டும், கடலிலும் குளிக்க வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் லூக்கா நகரைத்தான் சொல்வேன். அங்கிருந்து பீசாவுக்கு ரயிலில் அரை மணி நேரம். வியாரெஜ்ஜோ கடற்கரையும் கிட்டத்தான். பட்டு வணிகத்தில் செழித்த லூக்கா குடும்பங்கள் கோடைக்கென்று கட்டிய வில்லாக்கள் நகருக்கு வடகிழக்கே, மலையடிவாரத்தில் இருக்கின்றன. மார்லியாவில் உள்ள வில்லா ரியாலேயில் நெப்போலியனின் தங்கை எலிசா வசித்தார். அதன் தோட்டத்தைக் கட்டாயம் பாருங்கள்.

பணம் கட்டுவதற்கு முன், விளம்பரத்தில் 'சின்' (CIN) என்ற பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 முதல் அது கட்டாயம். கொசுவலை உண்டா, மின் இணைப்பு எத்தனை கிலோவாட் என்றும் கேளுங்கள். பல வீடுகளில் 3 கிலோவாட்தான். ஓவனும் வாஷிங் மெஷினும் ஒன்றாக ஓடினால் மின்சாரம் போய்விடும். சோற்றைக் கேஸ் அடுப்பில் வைத்துவிடுங்கள்.

கோடையில் வீடு சொல்கிறபடி நாளை அமைத்துக்கொள்வதுதான் முக்கியம். விடியற்காலையில் எல்லாச் சன்னல்களையும் திறந்துவிடுங்கள். வெயில் ஏறியதும் வெயில் படும் பக்கத்துக் கண்ணாடியையும் வெளியே உள்ள பச்சை நிற மரக்கதவையும் சாத்துங்கள். சில மரக்கதவுகளில் கீழ்ப்பாதியை மட்டும் வெளியே தள்ளிக் கம்பியால் நிறுத்தலாம். நிழல் பக்கம் அப்படி வைத்தால் காற்று வரும், வெளிச்சம் கண்ணைக் குத்தாது. தடித்த சுவரும் செங்கல் தரையும் மாலைவரை குளிர்ச்சியைப் பிடித்து வைத்திருக்கும். அதனால் காலையில் கடலுக்குப் போய்விட்டு, மதியம் வீட்டில் படுங்கள். ஊர்க் கடைகள் பலவும் அந்நேரம் மூடித்தான் இருக்கும்.

வியாரெஜ்ஜோவில் பெரும்பாலும் குடையும் நாற்காலியும் வாடகைக்கு எடுத்துத்தான் உட்கார வேண்டும். எனக்குப் பிடித்தது தெற்கே உள்ள லெச்சோனா: இலவசக் கடற்கரை, பின்னால் பைன் காடு. இத்தாலியில் விடுமுறை நாளான ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி மட்டும் போகாதீர்கள், கூட்டம் தாங்காது.

மாலையில் லூக்கா. சுமார் 4 கிலோமீட்டர் கோட்டை மதில்மேல் வாடகைச் சைக்கிளில் ஒரு சுற்று, அப்புறம் உச்சியில் ஓக் மரங்கள் வளரும் குயினீஜி கோபுரம். காரில் போனால் மதிலுக்கு வெளியே நிறுத்துங்கள். உள்ளே அனுமதியில்லாத வண்டியைக் கேமரா பிடித்து அபராதம் போடும்.

1858-இல் லூக்காவில் பிறந்த இசையமைப்பாளர் புச்சீனியின் ஓபராக்கள் (இசை நாடகங்கள்) கோடையில் தோர்ரே தெல் லாகோ என்ற ஊரில் திறந்தவெளியில் நடக்கும். முடிய நடுநிசி ஆகும். திரும்ப வண்டியை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். ஏரிக்கரை என்பதால் கொசு மருந்தையும் தடவிக்கொண்டு போங்கள்.