பெரிய ராக்கெட்டுக்குச் சிறகு ஒட்டும்போது குளிரைக் கவனியுங்கள்

நுவரெலியா, ஹட்டன் பக்கம் பொழுதுபோக்காக வீட்டில் பெரிய மாதிரி ராக்கெட்டின் உடலைக் கட்டுபவர்களுக்குப் பசைதான் முதல் எதிரி. சிறகு ஒட்டும் எபொக்சி (இரண்டு டப்பிப் பசையைக் கலந்து இறுக வைப்பது), வெப்பம் 10 பாகை குறைந்தால் இறுக ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். தகர டப்பியில் எழுதியிருக்கும் நேரம் பெரும்பாலும் 25 பாகைக்கானது. நம் ஊர் இரவுக்குப் பொருந்தாது. ஆகவே பசை டப்பிகளை மூடியபடியே இளஞ்சூட்டு நீரில் சற்று நேரம் வைத்துவிட்டுக் கலக்குங்கள். ஒட்டிய பின் பெரிய அட்டைப் பெட்டியால் மூடி, அறையைச் சூடாக வைத்திருங்கள். அடுப்படியில் மட்டும் வேண்டாம், ஒரு பக்கம் சூடேறிக் குழாய் வளைந்துவிடும்.

மறுநாள் சிறகின் அடியில் விரலால் தடவிப் பாருங்கள். மெழுகுபோல வழுக்கினால் அது மூடுபனி ஈரத்தால் வந்த படலம். அதன்மேல் அடுத்த பூச்சு பிடிக்காது. முதலில் வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே உப்புத்தாள் போடுங்கள். அட்டைக் குழாயின் வெட்டு விளிம்புகளுக்கும் பசை பூசுங்கள், ஈரம் அங்கேதான் ஏறும்.

அப்புறம், மோட்டார் உட்பட எல்லாம் ஏற்றிய நிலையில் ஈர்ப்பு மையம் (ராக்கெட் சமநிலையில் நிற்கும் புள்ளி), காற்றழுத்த மையத்துக்கு (காற்றின் விசை மொத்தமாகச் செயற்படும் புள்ளி) குறைந்தது ஒரு குழாய் விட்டமளவு மூக்குப் பக்கமாக முன்னால் இருக்க வேண்டும்.

மோட்டாரை மட்டும் வீட்டில் செய்யவே கூடாது. மொத்த உந்தம் (உந்துவிசையும் அது நீடிக்கும் நேரமும் சேர்ந்த அளவு) 160 நியூட்டன்-செக்கனுக்கு மேற்பட்ட மோட்டார் உயர்திறன் வகை. முறையான அனுமதியும் ஆளில்லாத திறந்தவெளியும் இல்லாமல் ஏவாதீர்கள்.