ரப்பர் விதையை இணைய அருங்காட்சியகத்தில் வைப்பது எப்படி?

1892ஆம் ஆண்டு மலாக்காக் கரையில் ஒதுங்கிய திமிங்கலத்தின் எலும்புக்கூடு, சிங்கப்பூர் ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்தில் பல பத்தாண்டுகள் இருந்தது. 1974இல் கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்துக்குத் தரப்பட்டது. இப்போது லாபுவான் தீவில் இருக்கிறது. கோலாலம்பூர் செந்தூலில் வசிக்கும் ஒரு பள்ளிப் பிள்ளை அதைப் பார்க்கக் கடல் தாண்ட வேண்டும். பிரேசிலில் நடந்தது இன்னும் கொடுமை. 2018 செப்டம்பர் 2 இரவு ரியோ டி ஜெனிரோவின் தேசிய அருங்காட்சியகம் தீப்பிடித்தது. ஏறத்தாழ 2 கோடிப் பொருள்களில் பெரும்பகுதி அழிந்தது. எரிந்தவற்றுள் முன்பே முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்யப்பட்டவற்றுக்கு உருவமாவது மிஞ்சியது.

ஒரு பொருளை எல்லாப் பக்கமும் படமெடுத்து, மென்பொருளால் முப்பரிமாண உருவமாக்கி இணையத்தில் வைக்கும் இந்த வேலையைப் பெரிய நிறுவனங்கள்தான் செய்ய முடியும் என்பதில்லை. ஒரு கைப்பேசி, வெளிச்சம் வரும் ஒரு சன்னல், கொஞ்சம் பொறுமை போதும். நம் குடும்பங்களின் வரலாற்றோடு பிணைந்த பொருளையே எடுத்துக்கொள்வோம்: பால்மரத்தின், அதாவது ரப்பர் மரத்தின், காயும் விதையும்.

முதல் வேலை: விவரச்சீட்டு

படம் எடுக்கும் முன்பே சீட்டை எழுதிவிடுங்கள். என்ன பொருள், எங்கே கிடைத்தது, எந்த நாளில், யார் எடுத்தது ஆகிய நான்கும் இல்லாத விதை வெறும் அலங்காரப் பொருள்தான். அவை இருந்தால் ஐம்பது ஆண்டுகள் கழித்தும் ஓர் ஆய்வாளருக்கு அது பயன்படும். அறிவியல் பெயர் ஹெவியா பிரேசிலியென்சிஸ். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். பொருளுக்கு ஓர் எண்ணும் கொடுங்கள்.

இடத்தை எழுதும்போது நிதானம் வேண்டும். "சிலாங்கூர்" என்று மட்டும் எழுதினால் போதாது. கைப்பேசி வரைபடத்தில் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தால் கிடைக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு அந்த இடத்தின் பழைய தோட்டப் பெயர், தோட்டப் பிரிவான டிவிஷனின் பெயர் தெரிந்தால் அவற்றையும் சேருங்கள். சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் இருந்த நிலம் இன்று குவாசா டாமன்சாரா என்ற புதுநகரம். இப்படி எத்தனையோ தோட்டங்கள் தாமான்களாக, அதாவது குடியிருப்புகளாக, ஆகிவிட்டன. மரத்தில் பால் வெட்டிய பாட்டிமார்களுக்குத்தான் பழைய எல்லைகள் தெரியும். அவர்களிடம் கேட்டு எழுதும் ஒரு வரி எந்த வரைபடத்திலும் கிடைக்காதது.

கீழே விழுந்து கிடப்பதை மட்டும், நிலத்துக்கு உரியவரிடம் கேட்டு எடுங்கள். தேசியப் பூங்காக்களிலிருந்து ஓர் இலையைக்கூட எடுத்து வர வேண்டாம்.

படம் எடுத்தல்

முதல் முயற்சிக்கு, வெடித்த காயின் ஓடு நல்லது. அது பெரியது, பளபளப்பு இல்லாதது. விதையின் தோல் மின்னும். பளபளப்பைக் கண்டால் மென்பொருள் குழம்பிவிடும். ஆனாலும் விதையை விட்டுவிடாதீர்கள். விதையின் மேல்தோல் தாய்மரத்தின் திசுவால் ஆனது. அதனால் ஒரே மரத்தின் விதைகளில் ஒரே மாதிரியான புள்ளிக்கோலம் இருக்கும்; அதை வைத்தே மரத்தின் ரகத்தை அடையாளம் காண்கிறார்கள். கோலம் தெளிவாகத் தெரியும்படி விதையை எல்லாப் பக்கமும் சாதாரணப் படங்களாகவே எடுத்து வையுங்கள்.

காயின் ஓட்டினை ஒரு சுழல்தட்டின் மேல், சிறு களிமண் உருண்டையில் நிறுத்துங்கள். பின்னால் கோடோ பூவோ இல்லாத கறுப்புத் துணி. சன்னலில் மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டினால் நிழல் கடுமையாக விழாது; ஃபிளாஷ் வேண்டாம். கைப்பேசியைத் தாங்கியில் பொருத்தி, திரையை அழுத்திப் பிடித்துக் குவியத்தைப் பூட்டுங்கள். தட்டைப் பத்துப் பத்துப் பாகையாகத் திருப்பினால் ஒரு சுற்றுக்கு 36 படங்கள். ஒவ்வொரு படமும் முந்தையதன் பெரும்பகுதியைக் காட்ட வேண்டும். அந்த ஒற்றுமையைக் கொண்டுதான் மென்பொருள் உருவத்தைக் கட்டுகிறது. கேமராவின் உயரத்தை மாற்றி இன்னும் இரண்டு சுற்றுகள் எடுங்கள். பிறகு ஓட்டினைக் கவிழ்த்து வைத்து அதே வேலையைச் செய்யுங்கள். அருகில் அளவுகோலை வைத்து ஒரு படம் தனியாக எடுங்கள்.

உருவமாக்குதலும் ஏற்றுதலும்

கைப்பேசியில் போலிகேம், ரியாலிட்டிஸ்கேன் போன்ற செயலிகள் உண்டு. கணினியில் மெஷ்ரூம் இலவசம். ஆனால் முழு வேலைக்கு என்விடியா கிராஃபிக்ஸ் அட்டை தேவை. உருவம் கிடைத்ததும் ஸ்கெட்ச்ஃபேப் போன்ற தளத்தில் ஏற்றி, சீட்டில் உள்ள விவரங்களைத் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் எழுதுங்கள். பிறர் பயன்படுத்தக்கூடிய பொதுவுரிமத்தைத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகக் குழுமம் 2020இல் 28 லட்சம் படங்களை எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் திறந்துவிட்டது. நம் விதைக்கும் அதே தாராளம் தகும்.

விவரங்களை ஒரு விரிதாளிலும் பதிந்து வையுங்கள். அதன் நெடுவரிசைகளுக்கு, உயிரினப் பதிவுகளுக்கான டார்வின் கோர் தரத்தின் தலைப்புகளையே வைத்தால், உலகப் பல்லுயிர்த் தரவுத்தளமான ஜிபிஐஎஃப்-இல் பின்னால் சேர்ப்பது எளிது. அரிய ஆர்கிட், குடுவைத் தாவரம் போன்றவற்றைப் படமெடுத்தால் மட்டும் துல்லியமான இடத்தைப் பொதுவில் காட்டாதீர்கள். பிடுங்கி விற்பவர்களும் இணையம் பார்க்கிறார்கள்.

உருவம் வந்துவிட்டது என்று மூலப் படங்களை அழித்துவிட வேண்டாம். நாளை வரும் மென்பொருள் அதே படங்களிலிருந்து இன்னும் நுட்பமான உருவத்தைத் தரும். சீட்டில் உள்ள எண்ணையே படக்கோப்புகளுக்கும் பெயராக வைத்து, இரண்டு வெவ்வேறு இடங்களில் நகல் சேமியுங்கள்.