"டீச்சர், எதை நம்பணும்?": ஆதியாகமத்தையும் பரிணாமத்தையும் ஒரே வகுப்பில் நடத்துவது எப்படி

பரிணாமப் பாடத்தை முடித்துச் சாக்பீஸைக் கீழே வைக்கும்போது வழக்கமாக ஒன்று சொல்வேன்: "பரீட்சைக்கு எழுதுங்க, மனசுக்குள்ள கொண்டு போகாதீங்க." திங்கள் முதல் வெள்ளி வரை பிளஸ் டூவுக்கு விலங்கியல், ஞாயிறு காலையில் எங்கள் கிறிஸ்தவக் கோவில் தாழ்வாரத்தில் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித்தரும் ஓய்வுநாள் பள்ளி என்று 31 வருஷம் ஓட்டியவள் நான். இரண்டு பக்கமும் அடி வாங்காமல் தப்பிக்க அந்த ஒரு வாக்கியம் போதும் என்று நினைத்திருந்தேன். என்னிடம் படித்த ஒரு பையன் மருத்துவக் கல்லூரி இரண்டாம் வருஷத்தில் வீட்டுக்கு வந்தான். "வெள்ளிக்கிழமை ஒண்ணு சொன்னீங்க, ஞாயித்துக்கிழமை ஒண்ணு சொன்னீங்க டீச்சர். ரெண்டுல ஒண்ணு பொய்னு தெரிஞ்சுது. எதுன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன்" என்றான். அப்புறம் அவன் கோவிலுக்கு வரவில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அதற்குப் பிறகு இரண்டையும் சேர்த்தே பேச ஆறு ஞாயிறுகளுக்கு ஒரு வகுப்பு அமைத்தேன். வாலிபர் கூட்டம் நடத்துகிறவர்களும், பிள்ளை கேட்ட கேள்விக்கு முழிக்கிற அப்பா அம்மாவும் பயன்படுத்தலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆரம்பிக்கும் முன் ஐயரிடம் (சபைப் போதகரிடம்) சொல்லிவிடுங்கள். பெற்றோருக்கும் சொல்லுங்கள். சொல்லாமல் ஆரம்பித்தால் இரண்டாம் வாரமே "கோவில்ல குரங்குப் பாடம் நடக்குதாம்" என்று சேகரம் (சுற்றுவட்டாரச் சபைகள்) முழுக்கப் பரவிவிடும். எங்கள் ஊரில் ஒரு பெரியவர் வேதாகமத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். முன்வரிசையில் நாற்காலி போட்டேன். ஆறு வாரமும் வந்தார். கடைசி வரை மனசு மாறவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விகள் பிள்ளைகள் கேட்டதைவிடக் கூர்மையானவை. மாற்றுக் கருத்துக்காரர் ஒருவராவது அறையில் இருக்கட்டும்.

முதல் ஞாயிறு டார்வின் பெயரையே எடுக்காதீர்கள். தேவன் ஆறு நாளில் உலகத்தைப் படைத்ததைச் சொல்லும், வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்களையும் சத்தமாக வாசிக்கச் சொல்லி, ஆளுக்கொரு தாளில் எது எதற்குப் பிறகு வருகிறது என்று எழுத வையுங்கள். வேறு எதுவும் சொல்ல வேண்டாம், பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். வெளிச்சம் முதலாம் நாள், சூரியன் நாலாம் நாள். அப்படியானால் முதல் மூன்று நாளும் "சாயங்காலமும் விடியற்காலமும்" எப்படி வந்தது? முதலாம் அதிகாரத்தில் மரம், மிருகம், கடைசியில் மனுஷன். இரண்டாம் அதிகாரத்தில் முதலில் மனுஷன், பிறகு தோட்டம், பிறகு மிருகம். ஒரு பெண் என்னிடம் கோபமாகவே கேட்டாள்: "இத்தனை வருஷம் மனப்பாடம் பண்ணோமே, இதை ஏன் யாரும் காட்டல?" நல்ல கோபம் அது.

அடுத்து, நாட்களை இரண்டு வரிசையாகப் பலகையில் எழுதுங்கள். இடப்பக்கம் 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. ஒன்றில் வெளிச்சம், நாலில் சுடர்கள். இரண்டில் ஆகாயவிரிவும் தண்ணீரும், ஐந்தில் பறவையும் மீனும். மூன்றில் நிலம், ஆறில் நிலத்தில் வாழ்வன. முதல் மூன்று நாளில் வீடு கட்டுகிறார், அடுத்த மூன்று நாளில் குடியேற்றுகிறார். அந்த அமைப்பைப் பார்த்ததுமே, இதை எழுதியவருக்கு நாள்காட்டியைவிடப் பெரிய நோக்கம் ஏதோ இருந்தது என்று பிள்ளைகளுக்குத் தோன்றும். சூரியன், சந்திரன் என்ற பெயர்களே அங்கே இல்லை; "பெரிய சுடர்", "சிறிய சுடர்" என்றுதான் இருக்கிறது. சுற்றிலும் எல்லோரும் சூரியனைத் தெய்வமாகக் கும்பிட்ட காலத்தில் அதை ஏற்றி வைத்த விளக்கு என்று சொல்வது சாதாரண விஷயமில்லை. பாபிலோனியர் கதையில் மர்துக் என்ற தெய்வம் தியாமத்தைக் கொன்று, அந்த உடலைப் பிளந்து வானத்தை ஆக்குகிறது. தெய்வங்களுக்கு ஊழியம் செய்ய, தோற்ற ஒரு தெய்வத்தின் ரத்தத்திலிருந்து மனுஷன் உண்டாகிறான். ஆதியாகமத்தில் சண்டையே இல்லை, மனுஷன் தேவசாயலில் வருகிறான். இந்த ஒப்பீட்டைக் காட்டாமல் டார்வினுக்குப் போகாதீர்கள்.

இங்கே நம் மொழிக்கே உரிய ஒரு பள்ளம் இருக்கிறது. "தங்கள் தங்கள் ஜாதியின்படியே", "ஜாதிஜாதியாக" என்று நம் வேதாகமத்தில் திரும்பத் திரும்ப வரும். ஒரு வருஷம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், "அப்ப ஜாதியை உண்டாக்கினதும் கர்த்தர்தானா?" என்று கேட்டான். அறையில் ஊசி விழுந்தால் கேட்கும். எபிரெயச் சொல் 'மின்'. செடியும் மிருகமும் வகைவகையாக என்பதுதான் பொருள். மனுஷனைப் படைக்கும் இடத்தில் அந்தச் சொல் வரவே இல்லை. இதை அவன் கேட்கும் முன்பே நான் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் முதல் வாரமே சொல்லிவிடுங்கள். இன்னொன்றும் சொல்லலாம்: எபிரெயத்தில் மண் 'ஆதாமா', மனுஷன் 'ஆதாம்'. நம் மொழியில் "மனுஷனைப் பூமியின் மண்ணினாலே உருவாக்கி" என்று வரும்போது அந்த ஓசை தற்செயலாகவே பாதி பிடிபட்டுவிடுகிறது.

இரண்டாம் வாரம் பழங்காலத்து வேத அறிஞர்களைக் கூப்பிடுங்கள். "விஞ்ஞானத்துக்குப் பயந்து இப்பத்தான் வேதத்தை மாத்திப் படிக்கிறாங்க" என்று யாராவது சொல்வார்கள். எங்கள் பெரியவர் சொன்னார். மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒரிகன், சூரியன் இல்லாமல் முதல் மூன்று நாள் எப்படி என்று கேட்டுவிட்டார். 354இல் பிறந்த அகஸ்டின் ஆதியாகமத்துக்குப் பெரிய விளக்கவுரையே எழுதினார். அந்த ஆறு நாட்களை நம் நாட்களைப் போல எண்ணக் கூடாது என்பது அவர் கருத்து. வானம், பூமி பற்றித் தெரியாத விஷயத்தை வேதத்தின் பேரால் ஒரு கிறிஸ்தவன் உளறினால், விவரம் தெரிந்த அவிசுவாசி வேதம் முழுவதையுமே சிரித்துத் தள்ளிவிடுவான் என்று எச்சரித்ததும் அவர்தான். டார்வின் புத்தகம் 1859இல் வந்தது. ஒப்பிட, பேராயர் ஜேம்ஸ் அஷர் வம்ச வரலாறுகளைக் கூட்டிக் கழித்து, படைப்பு கி.மு. 4004 என்று கணக்குச் சொன்னது 1650இல்.

மூன்றாம் வாரம்தான் இந்த விஷயத்தில் கிறிஸ்தவர்களுக்குள் இருக்கும் மூன்று கட்சிகள். ஒவ்வொரு கட்சியையும் அந்தக் கட்சிக்காரர் கேட்டுத் தலையாட்டும்படி சொல்ல வேண்டும் என்பது என் சட்டம்.

இளம் பூமிக் கட்சி: ஆறு நாள் என்றால் 24 மணி நேரத்து ஆறு நாள், பூமிக்குச் சில ஆயிரம் வருஷம், பாறையிலுள்ள புதைபடிவங்கள் நோவா காலத்து வெள்ளத்தில் வந்தவை. இவர்கள் கையிலுள்ள பலமான வசனம் யாத்திராகமம் 20:11. ஆறு நாள் வேலை, ஏழாம் நாள் ஓய்வு என்ற கட்டளைக்கே அந்த ஆறு நாள்தான் ஆதாரம். இதைக் கேலி செய்யாதீர்கள். ஆனால் இன்று இருக்கும் வடிவத்தில் இது பரவியது 1961இல் அமெரிக்காவில் விட்கோம், மாரிஸ் இருவரும் வெள்ளத்தைப் பற்றி எழுதிய புத்தகத்துக்குப் பிறகு என்பதையும் சொல்லுங்கள்.

பழைய பூமிக் கட்சி: வயது பல நூறு கோடி இருக்கட்டும், ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்று வரவில்லை. சிலர் ஒரு நாளை ஒரு யுகமாக எடுப்பார்கள். "ஆயிரம் வருஷம் ஒருநாள்போல" என்ற பேதுருவின் வசனம் வரும். சிலர் முதல் வசனத்துக்கும் இரண்டாம் வசனத்துக்கும் நடுவே பெரிய இடைவெளி வைப்பார்கள். லூசிபர் (சாத்தான்) விழுந்தான், பூமி பாழானது, பிறகு புதுப்பிக்கப்பட்டது என்று நம் கன்வென்ஷன் கூட்டங்களில் கேட்டிருப்பீர்கள். அது ஸ்காட்லாந்தின் தாமஸ் சால்மர்ஸ் 1814 வாக்கில் சொன்னது. 1909இல் வந்த ஸ்கோபீல்ட் வேதாகமக் குறிப்புகள் வழியாக ஊர் ஊராகப் பரவியது. வசனத்துக்குள் அந்த லூசிபர் கதை இல்லை. எனக்கு இதில் ஈர்ப்பில்லை.

பரிணாமமே தேவன் படைத்த முறை என்பவர்கள்: டார்வினின் நண்பரும் ஹார்வர்டு தாவரவியலாளருமான ஆசா கிரே பக்தியுள்ள கிறிஸ்தவர், அமெரிக்காவில் டார்வினுக்காக வாதாடியதே அவர்தான். மனித மரபணுத் திட்டத்தை நடத்திய பிரான்சிஸ் காலின்ஸ் இன்னொருவர். கத்தோலிக்கரில் போப் பன்னிரண்டாம் பயஸ் 1950இல், உடல் முந்தைய உயிரிலிருந்து வந்ததா என்று ஆராயலாம், ஆத்துமா தேவன் நேரடியாகத் தருவது என்றார். 1996இல் போப் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் ஊகம் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்றார். "பூமியானது … பிறப்பிக்கக்கடவது" என்று ஆதியாகமம் 1:24இல் தேவன் பூமியிடமே வேலையை ஒப்படைப்பதை இவர்கள் சுட்டிக்காட்டுவார்கள்.

நான் இந்த மூன்றாவது கட்சி. இதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். ஆனால் மூன்றையும் சொல்லி முடித்த பிறகு சொல்லுங்கள். காரணம் கேட்டால் யோபு 10:10 எடுப்பேன்: "நீர் என்னைப் பால்போல் வார்த்து, தயிர்போல் உறையப்பண்ணினீர்". தாய் வயிற்றில் கரு எப்படி வளர்கிறது என்று அணுஅணுவாகப் பாடம் நடத்துகிறோம். அதனால் கர்த்தர் என்னை உருவாக்கவில்லை என்று எந்தப் பிள்ளையும் சொல்வதில்லை. ஒன்பது மாசத்துக்குப் பொருந்துவது கோடி வருஷத்துக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம்.

நான்காம் வாரம் பரிணாமத்துக்கான சாட்சியைக் காட்ட ஒரு நெல்லிக்காய் எடுத்துப் போங்கள். ஆடு நெல்லிக்காய் தின்னாவிட்டாலும் அதற்கு வைட்டமின் சி குறையாது. அதன் கல்லீரலே தயாரித்துக்கொள்ளும். நம்மால் முடியாது. தயாரிக்கும் ஜீன் நம்மிடம் இல்லையா? இருக்கிறது, உடைந்து கிடக்கிறது. சிம்பன்சியிலும் அதே ஜீன் உடைந்திருக்கிறது, நம்மோடு ஒத்துப்போகும் விதத்தில். கினிப் பன்றியிலும் உடைந்திருக்கிறது, ஆனால் அதன் உடைசல் வேறு மாதிரி. விடைத்தாள் திருத்தியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: சரியான விடை இருவருக்கும் ஒன்றாக இருந்தால் இருவரும் படித்திருக்கலாம், ஒரே தப்பு ஒரே இடத்தில் இருந்தால் தாள் ஒன்றிலிருந்துதான் வந்திருக்கும். இளம் பூமிக்காரர், அந்த உடைந்த துண்டுக்கு நமக்குத் தெரியாத வேலை இருக்கலாம் என்பார். அதையும் சொல்லிவிடுங்கள்.

அதே வாரம் மூன்று பேச்சுகளை ஒழித்துக்கட்டுங்கள். "குரங்கிலிருந்து மனுஷன் வந்தால் குரங்கு ஏன் இன்னும் இருக்கு?" என்பது ஒன்று. என் சித்தப்பா மகன் இருக்கிறான் என்பதால் எனக்குத் தாத்தா இல்லை என்று ஆகிவிடுமா? இரண்டாவது "அது வெறும் தியரிதானே" என்பது. கிருமியால் நோய் வருகிறது என்பதும் தியரிதான். மூன்றாவதுதான் எனக்கு எரிச்சல்: "டார்வின் சாகும்போது மனந்திரும்பினார்." லேடி ஹோப் என்பவர் சொன்னதாக 1915இல் ஒரு பத்திரிகையில் வந்த கதை அது. டார்வின் இறந்தது 1882இல். அப்பாவின் மரணப் படுக்கையில் கூட இருந்த மகள் ஹென்ரியட்டா, அந்த அம்மாள் அங்கே வரவே இல்லை என்று மறுத்துவிட்டார். பிரசங்க பீடத்திலிருந்து இதைச் சொல்வது பொய்ச்சாட்சி. நானும் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன்.

ஐந்தாம் வாரம்தான் உண்மையான முடிச்சு. நாட்கள் பெரிய பிரச்சினையே இல்லை. ரோமர் 5:12தான் பிரச்சினை: "ஒரே மனுஷனாலே பாவமும் பாவத்தினாலே மரணமும் உலகத்திலே பிரவேசித்ததுபோலவும்". மனுஷன் வருமுன்பே கோடிக்கணக்கான வருஷம் உயிர்கள் செத்துக்கொண்டிருந்தால், மரணம் எப்படிப் பாவத்தின் சம்பளம்? எங்கள் பெரியவர் எழுந்து நின்று கேட்டது இதைத்தான். இந்தக் கேள்வியை நீங்கள் மழுப்பினால் மற்ற ஐந்து வாரமும் வீண்.

என்னிடம் இருக்கும் பதில்கள் இவை. "புசிக்கும் நாளில் சாகவே சாவாய்" என்றார் தேவன். ஆதாமோ 930 வயது வரை இருந்தான். அப்படியானால் அன்றே நேர்ந்த சாவு தேவனை விட்டுப் பிரிந்தது என்று பலர் எடுக்கிறார்கள். தோட்டத்தில் சாகாமல் வாழவைக்கும் ஜீவவிருட்சம் இருந்ததே, சாகாத உடலுக்கு அது எதற்கு? ஆதாம் ஒரே ஆள்தானா என்பது இன்னும் கடினம். மனித இனம் இரண்டே பேராகச் சுருங்கியதற்கான தடயம் மரபணுவில் தெரியவில்லை, சில ஆயிரம் பேருக்குக் கீழே போகவில்லை என்றே பெரும்பாலான மரபியலாளர் சொல்கிறார்கள். சிலர், பலருக்கு நடுவே தேவன் தெரிந்துகொண்ட தலைவன் ஆதாம் என்பார்கள்; "என்னைக் கண்டுபிடிக்கிறவன் எவனும் என்னைக் கொன்றுபோடுவானே" என்று ஆதாமின் மகன் காயீன் யாருக்குப் பயந்தான், அவன் மனைவி எங்கிருந்து வந்தாள் என்று கேட்பார்கள். சிலர் ஆதாம் நம் எல்லோரின் கதை என்பார்கள். பயஸ் 1950இல் பல ஆதாம்கள் என்ற கருத்தைப் போதனையோடு பொருத்த வழி தெரியவில்லை என்றார். எனக்கும் இங்கே தெளிவில்லை. அதைப் பிள்ளைகளிடம் அப்படியே சொன்னேன். பெரியவர் உட்கார்ந்துகொண்டார்.

ஆறாம் வாரம் வகுப்பு வேண்டாம், வேன் பிடியுங்கள். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கிறது ஒரு மரம். 12 கோடி வருஷத்துக்கு முற்பட்டதாகச் சொல்கிறார்கள். பக்கத்தில் காரை என்ற ஊரின் ஓடைகளில் தரை முழுக்கக் கடல் உயிர்களின் மிச்சம். அந்த வட்டாரம் அப்போது கடலடியில் இருந்தது. "வெள்ளம் வந்ததுக்கு இதுதானே சாட்சி?" என்று பெரியவர் கேட்டார். அதற்குப் பாறை அடுக்குகளைப் பார்க்க வேண்டும்: கீழே ஊட்டத்தூர் அடுக்கில் சுருள் ஓட்டு அம்மோனைட்டுகள் உண்டு, எல்லாவற்றுக்கும் மேலே நின்னியூர் அடுக்கில் இல்லை. ஒரே வெள்ளம் கலக்கியிருந்தால் இப்படிப் பிரிந்திருக்குமா? அரியலூர் பக்கம் வாரணவாசியிலுள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தில் நிதானமாகக் காட்டலாம். தொப்பி, தண்ணீர் கட்டாயம். மே மாசத்தில் போகாதீர்கள், நாங்கள் போய் இரண்டு பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். கற்களைப் பொறுக்கிப் பையில் போடவும் விடாதீர்கள்.

கேள்விப் பெட்டி ஒன்று வையுங்கள், பெயர் எழுதாமல் சீட்டுப் போடட்டும். போன வருஷப் பெட்டியில், அழிந்துபோன ஆதி மனித இனம் ஒன்றைப் பற்றி எனக்கு விடை தெரியாத சீட்டு ஒன்று மிஞ்சியது: "நியாண்டர்தால் மனுஷனுக்கு ஆத்துமா உண்டா?" ஐயரிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டுத் தன் வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.