வெளியூரில் வாங்கிய பழைய வண்டி: ஓட்டி வருவதா, ஏற்றி வருவதா?

நான் கிருஷ்ணகிரியில் ஆக்டிங் டிரைவர். 16 வருடமாக ஸ்டியரிங்தான் சோறு போடுகிறது. கல்யாணம், ஆஸ்பத்திரி, திருப்பதி என்று எல்லாச் சவாரிக்கும் போவேன். ஆனால் கடைசி ஏழெட்டு வருடமாக அதிகம் வருவது வேறொரு வேலை. வெளியூரில் பழைய வண்டி வாங்கியவர்கள் கூப்பிடுவார்கள், போய் அதை வீடு கொண்டுவந்து சேர்க்க வேண்டும். புனே, ஹைதராபாத், கோயம்புத்தூர், ஒரு தடவை டெல்லி வரைக்கும் போயிருக்கிறேன்.

போனில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "ஓட்டிட்டு வந்துடலாமா, டிரெய்லர்ல ஏத்திடலாமா?" கிருஷ்ணகிரியில் உட்கார்ந்துகொண்டு இதற்குப் பதில் சொல்ல என்னால் முடியாது. தூரத்தையும் செலவையும் பார்த்து ஊரிலேயே முடிவு செய்துவிட்டுக் கிளம்புகிறவர்கள்தான் வழியில் மாட்டிக்கொள்கிறார்கள். விற்பவர் ஊருக்குப் போய், ஒரு ராத்திரி தங்கி, வண்டியை ஓட்டிப் பார்த்த பிறகு அங்கேயே முடிவு செய்யுங்கள். லாட்ஜ் வாடகை ஆயிரம் ரூபாய் போனாலும் பரவாயில்லை.

காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கும் ஒருவர் எனக்குப் பழக்கத்தில் மாமா. புனேயில் ஒரு 2.5 டீசல் இன்னோவா பேசி முடித்திருந்தார். இரண்டு பேரும் பஸ்ஸில் போய் இறங்கினோம். சாவி போட்டதும் மீட்டரில் டி-பெல்ட் என்று ஒரு விளக்கு எரிந்தது. இன்ஜின் ஸ்டார்ட் ஆன பிறகும் அணையவில்லை. இன்ஜினுக்குள் வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓட வைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்பதற்கான விளக்கு அது. "சென்சார் கம்ப்ளெயின்ட்" என்றார் விற்பவர். பெல்ட் மாற்றியதற்கு பில் கேட்டேன், இல்லை என்றார். மற்றபடி வண்டி தங்கமாக இருந்தது. காத்ரஜ் சுரங்கப்பாதை தாண்டிப் போய்த் திரும்பினோம், 50 கிலோமீட்டரில் ஒரு குறை சொல்ல முடியவில்லை. மாமாவுக்கு உடனே கிளம்ப ஆசை. "அம்பது ஓடினது தொள்ளாயிரம் ஓடாதா தம்பி?" என்றார். ரேடியேட்டர் கெட்டால் முள் சொல்லும், பிரேக் கெட்டால் காலுக்குத் தெரியும், பெல்ட் மட்டும் சொல்லாமல் அறுந்துவிடும் மாமா, அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடித்து இன்ஜினையே பிரிக்க வேண்டி வரும் என்றேன். பெல்ட்டை அங்கேயே மாற்றலாம், இல்லை ஏற்றலாம். தெரியாத ஊரில் தெரியாத மெக்கானிக்கிடம் அந்த வேலையைக் கொடுக்க மனம் வரவில்லை. ஏற்றினோம்.

இனி, நான் எப்படிச் சோதிக்கிறேன் என்று சொல்கிறேன்.

நாம் போகும் வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆகாத வண்டியை ஏற்கனவே கிளப்பி வைத்திருக்கலாம். குளிர்ந்திருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். பச்சையோ சிவப்போ கூலன்ட் இருந்தால் நல்லது. துருத் தண்ணீரோ, மேலே எண்ணெய் படலமோ இருந்தால் அந்த வண்டி ஓட்டி வருகிற வண்டி இல்லை.

டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் வருடம் 23-ஆவது வாரம் தயாரானது. பட்டன், அதாவது டயரின் மேல்வரி, தேயாமல் எவ்வளவு இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரில் நான் நெடுஞ்சாலை ஏறுவதில்லை. ஸ்டெப்னியிலும் அதே எண்ணைப் பாருங்கள். பல வண்டிகளில் வாங்கிய நாளில் வந்த ஸ்டெப்னி அப்படியே கிடக்கும்.

அப்புறம் 50 கிலோமீட்டர் ஓட்டம். பாதி ஊருக்குள், பாதி ஹைவேயில், முடிந்தால் ஒரு மேடு. ஏ.சி. போட்டே ஓட்டுங்கள். ஹீட் முள் எங்கே நிற்கிறது, பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். திரும்பி வந்து பத்து நிமிடம் ஐடிலில் விடுங்கள். ராத்திரி வண்டிக்குக் கீழே பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துவிட்டுப் படுக்கப் போங்கள். காலையில் அந்த அட்டை எல்லாம் சொல்லிவிடும். நடுவில் கருப்புத் துளி என்றால் இன்ஜின் ஆயில், சிவப்பு என்றால் பவர் ஸ்டியரிங் ஆயிலோ சிவப்புக் கூலன்ட்டோ, பச்சை என்றால் கூலன்ட். சக்கரத்துக்கு உள்பக்கம் ஈரமாக இருந்தால் பிரேக் ஆயிலா என்று பாருங்கள். பிரேக் ஆயில் என்றால் வேறு பேச்சே வேண்டாம், சரிசெய்யாமல் கிளம்பாதீர்கள்.

தாள் விஷயத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஆர்.சி.யில் லோன் பதிவு இருந்தால், கடன் முடிந்தது என்ற பேங்க் கடிதமும் அந்தப் பதிவை நீக்கும் 35-ஆம் படிவமும் வேண்டும். பெயர் மாற்றத்துக்கு விற்பவர் கையெழுத்திட்ட 29, 30 படிவங்கள் வேண்டும். வேறு மாநிலம் என்றால் 28-ஆம் படிவத்தில் என்.ஓ.சி.க்கு, அதாவது ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்றுக்கு, மனுப் போட வேண்டும், அது அன்றைக்கே கைக்கு வராது. முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு என்.ஓ.சி.க்காக விற்பவர் பின்னால் அலைகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஒரு தொகையை நிறுத்தி வையுங்கள். தேதி மட்டும் போதாது, நேரமும் போட்டு டெலிவரி நோட் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். விபத்து என்று வந்தால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதனால் விற்பவருக்கும் அந்த நோட் அவசியம்.

இன்சூரன்ஸ் பற்றி நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 157-ஆம் பிரிவின்படி வண்டி கைமாறினால் பாலிசியும் மாறியதாகக் கொள்ளப்படும், 14 நாளுக்குள் பெயர் மாற்ற மனுக் கொடுக்க வேண்டும். ஆனால் அது அடிபட்ட மூன்றாம் ஆளுக்குத்தான் தானாகப் பொருந்தும். உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்குப் பாலிசி உங்கள் பெயருக்கு மாறியிருக்க வேண்டும். விற்பவர் பெயரில் பம்பர் டு பம்பர் பாலிசி (தேய்மானம் கழிக்காமல் பணம் தருவது) இருக்கிறது என்று நம்பிக் கிளம்பி, வழியில் இடித்துவிட்டுக் கையிலிருந்து கட்டியவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். 29, 30 படிவங்களோடு கிளம்பும் முன்பே இன்சூரன்ஸ் கம்பெனியில் பேசுங்கள். நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, பழைய ஓனருடையது, அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டி வரும், கட்டிவிடுங்கள்.

மஞ்சள் போர்டு வண்டி, அதாவது தக்காளி, மாங்காய் ஏற்றுகிற பிக்கப் மாதிரி என்றால் எஃப்.சி. (தகுதிச் சான்று) தேதி, பர்மிட், வரி மூன்றையும் கூடப் பாருங்கள். எஃப்.சி. முடிந்திருந்தால் காலியாகக்கூட ஓட்டி வர வேண்டாம்.

சரி, வண்டி பாஸ், தாள் பாஸ். ஓட்டி வருகிறோம் என்று வையுங்கள். புனேயிலிருந்து கிருஷ்ணகிரி ஏறக்குறைய 930 கிலோமீட்டர். சதாரா, கோலாப்பூர், பெலகாவி, ஹூப்ளி, தாவணகெரே, சித்ரதுர்கா, தும்கூர் என்று 48-ஆம் எண் சாலை நேராகக் கொண்டுவந்து விடும். ஒரே மூச்சில் வராதீர்கள். காலை 5 மணிக்குக் கிளம்பி ஹூப்ளியிலோ தாவணகெரேயிலோ படுத்து எழுந்து வாருங்கள். பழக்கமில்லாத வண்டியில் இருட்டில் ஓட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதற்குச் சமம், ஹெட்லைட் எவ்வளவு தூரம் அடிக்கும் என்றுகூட உங்களுக்குத் தெரியாது. 80-க்கு மேல் போக வேண்டாம்.

முதல் 50 கிலோமீட்டரில் நிறுத்துங்கள். இறங்கி நாலு சக்கரத்தின் நடுவிலும் கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறது, இல்லை பேரிங் போகிறது. அடுத்த ஒர்க்‌ஷாப்பில் பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

கோலாப்பூரில் வாங்கிய ஒரு பொலேரோவை ஓட்டி வந்தபோது, சித்ரதுர்காவுக்குக் கொஞ்சம் முன்னால், மலைமேல் காற்றாலைகள் தெரிகிற இடத்தில், கேபினுக்குள் லேசாக இனிப்பு வாடை அடித்தது. ஹீட் முள்ளைப் பார்த்தேன். ஏறவில்லை, இறங்கிக்கொண்டிருந்தது. நல்லதுதானே என்று நினைத்துவிடத் தோன்றும். ஹோஸ் வெடித்துக் கூலன்ட் முழுக்கக் கொட்டிவிட்டால் சென்சாரைத் தொடத் தண்ணீரே இருக்காது, முள் கீழே விழும். உடனே ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தேன். பானட்டைத் திறந்ததும் ஒரே ஆவி. முக்கால் மணி நேரம் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். அதுவரை மூடியில் கை வைக்கவில்லை, திறந்தால் முகம் வெந்துவிடும். ஹோஸில் கிளிப் இருந்த இடத்தில் விரல் நீளத்துக்குக் கிழிசல். கிழிந்த முனையை வெட்டிவிட்டு, மீதியை இழுத்து மாட்டி, பையில் இருந்த கிளிப்பைப் போட்டு இறுக்கி, 5 லிட்டர் கேனில் வைத்திருந்த தண்ணீரை ஊற்றி, சித்ரதுர்கா வந்து புது ஹோஸ் போட்டேன். அதனால்தான் ஹோஸ் கிளிப் நாலு, தண்ணீர் கேன், ஃபியூஸ், ஜம்பர் வயர், டார்ச், ஸ்பேனர் செட், வீல் ஸ்பேனர் இல்லாமல் நான் கிளம்புவதே இல்லை. வண்டியோடு வரும் ஜாக்கியை அங்கேயே ஒரு தடவை ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

டோல்கேட்டில் பழைய ஓனரின் ஃபாஸ்டேக்கை நம்ப வேண்டாம், நடுவழியில் அவர் மூடிவிட்டால் கூடுதலாகக் கட்ட வேண்டி வரும். பெங்களூரில் தும்கூர் ரோட்டிலிருந்து நைஸ் ரோடு பிடித்தால் ஊருக்குள் சிக்காமல் ஓசூர் ரோட்டுக்கு வந்துவிடலாம். கோயம்புத்தூர், சேலம் பக்கம் வாங்கியவர்களுக்குத் தொப்பூர் மேடுதான் கடைசிப் பரீட்சை. லாரிகளுக்குப் பின்னால் மெதுவாக ஏறும்போதுதான் ஹீட் ஏறும். ஏ.சி.யை அணைத்து, கியரைக் குறைத்து, முள்ளைப் பார்த்தபடி ஏறுங்கள்.

ஏற்றி அனுப்புவதும் சும்மா இருக்கிற வேலை இல்லை. கிருஷ்ணகிரிக்கு ஏற்றுகிறவர்கள் பெரும்பாலும் பெங்களூர் யார்டில் இறக்கிவிட்டு, அங்கிருந்து அவர்கள் டிரைவரே ஓட்டி வருவார். அதாவது ஏறக்குறைய 90 கிலோமீட்டர் வண்டி ஓடத்தான் போகிறது. வீட்டு வாசலா, யார்டா, கடைசித் தூரம் ஓட்டமா ஏற்றமா, திறந்த டிரெய்லரா மூடிய கன்டெய்னரா, சேதத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். உங்கள் பெயரில் முழுப் பாலிசி இருந்தால் சாலையிலும் ரயிலிலும் ஏற்றிச் செல்லும்போது ஆகும் சேதமும் அதில் அடங்கும், பாலிசித் தாளில் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

சாவியைக் கொடுக்கும் முன் வண்டியைக் கழுவுங்கள். கழுவிய வண்டியைச் சுற்றி வந்து வீடியோ எடுங்கள், கிலோமீட்டர் மீட்டர், டீசல் முள், ஸ்டெப்னி, ஜாக்கி, மியூசிக் சிஸ்டம் எல்லாம் தெரியட்டும். டீசல் கால் டேங்க் போதும். இரண்டாவது சாவி உங்களிடமே இருக்கட்டும். கண்ணாடியில் ஃபாஸ்டேக் இருந்தால் எடுத்துவிடுங்கள், டிரெய்லர் மேலே இருக்கும்போதும் டோல்கேட் கருவி அதைப் படித்துவிடக்கூடும்.

இறக்குவது பகலில்தான் என்று பிடிவாதமாக இருங்கள். ஒரு தடவை ராத்திரி 11 மணிக்கு ராயக்கோட்டை மேம்பாலத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறேன் என்றார்கள். புழுதி மூடிய காரை செல்போன் வெளிச்சத்தில் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். காலையில் கழுவினால் பின் கதவில் ஒரு முழ நீளத்துக்குக் கோடு, உள்ளே ஜாக்கியும் இல்லை. கையெழுத்தைக் காட்டியே மறுத்துவிட்டார்கள். இப்போதெல்லாம் இரண்டு வாளித் தண்ணீரும் துணியும் இல்லாமல் இறக்கப் போவதில்லை. கோடு இருந்தால் அவர்கள் தாளிலேயே எழுதிவிட்டுத்தான் கையெழுத்து.

பைக் என்றால் ரயில் பார்சல் நல்ல வழி. கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது, தருமபுரி, ஓசூரில் ரயில் நிற்பதே சில நிமிடம். அதனால் பெங்களூருக்கோ சேலத்துக்கோ போடுங்கள். பெட்ரோலை முழுக்க வடித்து, சாக்கு சுற்றி, ஊர் பெயர் எழுதித் தர வேண்டும், ஆர்.சி. நகலும் அடையாள அட்டை நகலும் வேண்டும். வந்ததும் எடுத்துவிடுங்கள், தாமதத்துக்குத் தனிக் கட்டணம் ஏறும். பங்க் வரை தள்ளித்தான் போக வேண்டும்.

ஒன்று மட்டும் விட்டுவிட்டேன். "நான் மிலிட்டரியில் இருக்கிறேன், டிரான்ஸ்ஃபர் ஆகிவிட்டது, வண்டியை நாங்களே அனுப்பிவைக்கிறோம், கட்டணம் மட்டும் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பர்கூரில் ஒரு தம்பி 18,000 ரூபாய் இப்படித்தான் இழந்தான்.

மாமாவின் இன்னோவா புனேயில் ஏற்றிய எட்டாம் நாள் பகல் 10 மணிக்கு வந்தது. கழுவிப் பார்த்தோம், கீறல் இல்லை. நேராக எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் விட்டோம். கவரைக் கழற்றிப் பெல்ட்டை எடுத்து மாமாவின் கையில் கொடுத்தார். மாமா அதை இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்தார். வளைத்த இடத்தில் பல் ஒவ்வொன்றின் அடியிலும் கருப்பு வெடிப்பு வாய் திறந்தது, ஒரு ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கியது. புதுப் பெல்ட்டும் அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும் போட்டுத்தான் வண்டியை எடுத்தோம். பழைய பெல்ட்டை மாமா மண்டியில் தராசுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். வெளியூரில் வண்டி பார்க்கப் போகிறேன் என்று யார் வந்தாலும் அதைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுத்தான் என் நம்பரைத் தருகிறார்.