சதுப்பில் புதைந்த டிப்பரை வெளியே எடுத்த கதை

கொழும்பை அடுத்த வெல்லம்பிட்டியில் காணி நிரப்ப மண்ணோடு பின்னோக்கி வந்த டிப்பர், பின்சக்கரங்கள் அச்சுவரை புதைந்து, ஒருபக்கம் சரிந்து நின்றது. கொலன்னாவைப் பக்கத்துச் சதுப்பு அப்படித்தான்: மேலே இறுகிய தரை, கீழே ஊறிய கரிமண். அக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி இறங்கிக்கொண்டே போனது.

"தம்பி, முதலில் எஞ்சினை நிறுத்துங்கள்" என்றேன் டிப்பர் சாரதியிடம். பெட்டியை உயர்த்தி மண்ணைக் கொட்டிவிடலாம் என்றார் காணிக்காரர். சரிந்த வண்டியில் பெட்டியை உயர்த்தினால் பாரம் மேலேறி வண்டியே புரண்டுவிடும். மண்வெட்டியாலேயே இறக்கினோம், முணுமுணுப்புக்குக் குறைவில்லை.

சேற்றின் உறிஞ்சும் பிடியை உடைப்பதுதான் பெரிய வேலை. சக்கரங்களுக்கு முன்னால் சரிவாகத் தோண்டி, டயர் ஓரமாக அலவாங்கை இறக்கி ஆட்டினேன். 'களக்' என்று காற்று உள்ளே புகுந்தது. குழியில் கறுப்பு நீர் குமிழியிட்டது. அந்தச் சரிவில் தடித்த பலகைகளைச் செருகினோம்.

இழுக்க வந்த எக்ஸ்கவேட்டரைத் தார் வீதியிலேயே நிறுத்தினேன். அதன் சாரதி கொண்டுவந்த தேய்ந்த சங்கிலியைத் திருப்பி அனுப்பிவிட்டு, நல்ல கம்பிவடத்தை டிப்பரின் அடிச்சட்டத்து இழுவைக் கொக்கியில் மாட்டினோம். பம்பரில் கட்டினால் அது பிய்ந்து பறக்கும். வடத்தின் நடுவே ஈரச் சாக்குகள்; அறுந்தால் வீச்சு தணியும். வேடிக்கை பார்த்தவர்களை வடத்தின் நீளத்தில் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு விரட்டினேன். வெட்டி இழுக்காமல், தொய்வை எடுத்துவிட்டு மெல்ல இழுக்க, டிப்பர் பலகையில் ஏறியது.

வீதிக்கு வந்ததும் பிரேக் குழாய்களைக் கழுவிப் பார்த்த பிறகே சாவியைக் கொடுத்தேன்.