ஸ்மார்ட் ஸ்விட்ச் வாங்கும் முன் போர்டைப் பாருங்கள்

வேளச்சேரியிலோ அம்பத்தூரிலோ வீடு கட்டுகிறீர்களா? சுவர் பூசுவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிடுங்கள்: எல்லா ஸ்விட்ச் பெட்டிக்கும் நியூட்ரல் ஒயர் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) வர வேண்டும். பிளக் பாயின்ட் உள்ள போர்டில் அது எப்படியும் இருக்கும். வெறும் லைட், ஃபேன் ஸ்விட்ச் மட்டும் உள்ள போர்டில்தான் விட்டுவிடுவார்கள். நியூட்ரல் இல்லாவிட்டால் பெரும்பாலான ஸ்மார்ட் ஸ்விட்ச்கள் வேலை செய்யாது. பெட்டியும் ஆழமாக இருக்கட்டும். ஸ்விட்சுக்குப் பின்னால் மாட்யூல் (ஸ்விட்சை ஸ்மார்ட் ஆக்கும் சின்னக் கருவி) உட்கார இடம் வேண்டுமே! கீசர், ஏசிக்கு 16 ஆம்பியர் தாங்கும் மாட்யூல்தான். லைட்டுக்கு வாங்கியதை அதில் மாட்டினால் கருகிவிடும். அப்புறம், இவற்றில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணையும். ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள், மழையில் கரண்ட் போகாத சென்னை ஏது?